பங்களா வழியாகப் போன சைக்கிள்

பதுளைக் கடைத்தெருவில் பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை இன்று மூக்கில் ஏறியதும், நமுனுகுல மலைச் சரிவில் இப்போது தேயிலைக்குள் மறைந்துபோன எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் அந்த வீட்டு வரிசைக்கு, மனம் ஓடிவிட்டது. பதுளைக்கு ரயில் வராத காலம் அது. அம்மாவின் தம்பியான என் மாமா, வேலை விட்டதும் தன் பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போடுவார், துடைப்பார், சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டு அந்தக் கிர்ரென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு திடீரென்று ஏறி எங்காவது போய்விட்டு வருவார். ஓரிடத்தில் உட்காரவே மாட்டார்.

துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். ஒருநாள் மாமா இறங்கவில்லை. மாலையே கங்காணி விசாரிக்க வந்துவிட்டார்.

"பிரேக் புடிக்கலைன்னு சொல்லுடா," என்று அம்மா அடிக்குரலில் கெஞ்சினாள்.

"பிரேக் நல்லாத்தான் இருக்குங்க," என்றார் மாமா கங்காணியிடம். "எறங்கத் தோணலைங்க."

மறுநாளே வேலையிலிருந்து பெயரை வெட்டிய பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். துணிமூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாமா தலைகுனிந்து சைக்கிளை உருட்டத் தொடங்கினார். அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த அம்மா சட்டென்று வெளியே வந்தாள்.

"ஏன்டா உருட்டிக்கிட்டுப் போற? ஏறிப் போ. தொரை பங்களா வழியாவே போ."

மாமா ஏறினார். மணியை விடாமல் அடித்துக்கொண்டே அவர் பங்களாவைக் கடந்து பதுளைப் பாதையில் இறங்கும்வரை, நிற்க முடியாமல் அம்மா லயத்தின் நீளத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவள் சேலையைப் பிடித்தபடி நானும் ஓடினேன்.