பொந்தைச் சுரங்கம் என்றேன்

எங்கள் பக்கத்தில் சுரங்கம் இல்லாத கோயிலே கிடையாது. அவரவர் ஊர்க் கோயிலில் மூலஸ்தானத்துக்குப் பின்னால் ஒரு கல்லைக் காட்டுவார்கள். இதைத் தூக்கினால் நேராக இன்ன மலைக்குப் போகலாம், அந்தக் காலத்து ராஜா குதிரையிலேயே போயிருக்கிறார் என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போய்விட்டது. குதிரை போகிற உயரத்துக்குத் தோண்டினார்களே, அந்த மண்ணையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்களாம்?

தோண்டிய மண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் மேற்கே ஒரு கிணறு, கிழக்கே ஒரு கிணறு. ஊற்று அதிகம் மேற்குக் கிணற்றில். மோட்டார் இருந்தது கிழக்குக் கிணற்றில். அதனால் எங்கள் அய்யன், என்னைப் பெற்றவர், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வரப் பூமிக்கடியில் வழி வெட்டினார். இருபதடி ஆழத்தில், சுக்கான் மண்ணில், ஒரு ஆள் குனிந்து போகிற அளவு. இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்திக்காமல் ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போய்விட்டார்கள். அப்புறம் கடப்பாரைச் சத்தத்தைக் காதால் கேட்டு, தெற்கே வளைத்துச் சேர்த்தார்கள். அதன் வாய் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிணற்றுப் படி முடிகிற இடத்தில் ஆலஞ்செடி வேர்விட்டு அதை மூடியிருந்தது.

சின்ன வயதில், கோடையில் தண்ணீர் வற்றினால் சேறு அள்ள நானும் உள்ளே போவேன். மண் சட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு முட்டிபோட்டு நகர வேண்டும். வளைவு வந்ததும் இரண்டு பக்க வெளிச்சமும் போய்விடும். அங்கே ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் பொந்து. சுரங்கம் என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

பிறகு சாயப்பட்டறைத் தண்ணீர் நிலத்தடியில் இறங்கியது. கிணற்றில் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். தென்னை காய்ந்தது, மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நான் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், நின்று நின்று கால் வீங்கினதுதான் மிச்சம். அய்யன் காலத்துக்குப் பின் காட்டை மனை மனையாகப் பிரித்துச் சைட் போட்டோம். கட்டட இடிபாட்டையும் கட்டிங் வேஸ்ட் துணியையும் கொட்டி இரண்டு கிணற்றையும் மூடினார்கள். இரண்டு வாயும் அடைபட்டது. நடுவில் பொந்து அப்படியே வெறுமையாகக் கிடந்தது. அது நீளத்துக்கும் அடியில் ஓடுகிற ஒரே ஒரு சைட் மட்டும் விற்காமல் நின்றது.

விற்காததற்குக் காரணம் என் வாய்தான். பார்க்க வந்த முதல் ஆளிடமே, "கீழ ஒரு பொந்து போகுதுங்க, கெணத்துத் தண்ணிக்கு வெட்டுனது" என்று சொல்லிவிட்டேன். எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று கேட்டார், போனார், அவ்வளவுதான். அடுத்து வந்தவரும் அப்படியே. என் வீட்டுக்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"உன்ற வாய வெச்சுக்கிட்டுப் பொட்டாட்ட இருக்க மாட்டயா?"

"சொல்லாம விக்கறது பாவமுங்க" என்றேன். அப்போது அப்படித்தான் இருந்தேன். அடுத்த தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாவ புண்ணியமெல்லாம் கொஞ்சம் தள்ளி நில் என்று சொல்கிற நிலைமை வந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் எங்கள் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர், தெற்கத்தித் தம்பி. அவர் சம்சாரம் என்னோடு ஒரே டேபிளில் செக்கிங் பார்க்கிறவள். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு பத்து வருஷமாக லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தார்கள். "சொந்தமா ஒரு வீடு வேணும்க்கா, பிள்ளைக சத்தம் போட்டு வெளயாடுனா யாரும் வந்து கதவத் தட்டக் கூடாது" என்று அந்தப் பெண் சொல்லாத நாள் இல்லை.

சைட்டில் நானும் என் வீட்டுக்காரரும் புரோக்கரும் தம்பியோடு நின்றுகொண்டிருந்தோம். சொன்னால் போய்விடுவார்கள். சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை. அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது, எங்கிருந்துதான் வந்ததோ!

"தம்பி, இதுக்கடியில ஒரு சொரங்கம் போகுதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "எங்க ஊர்க் கோயில்லயும் ஒண்ணு கெடக்குக்கா. கடல் வரைக்கும் போவுதுன்னு சொல்லுவாவ. இதுல எந்த ராசா போனாராம்?"

புரோக்கர் சிரித்தார். என் வீட்டுக்காரர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிப்பார் என்று தெரிந்துதான் அந்த வார்த்தையை எடுத்தேன். சொன்னது போலவும் ஆயிற்று, சொல்லாதது போலவும் ஆயிற்று. இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

சைட் அவர் பேருக்கு மாறி, வீடு எழும்பியது. சமையல்கட்டு, ஹால், படுக்க ஒரு ரூம். பால் காய்ச்சுகிற அன்று போய், எவர்சில்வர் குடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் நாலு வருஷம் மழை பெய்கிற ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்திருப்பேன். காலையில் தம்பி சம்சாரம் வேலைக்கு வந்து டேபிளில் நின்றுவிட்டாள் என்றால்தான் மூச்சு வரும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து மீன் குழம்பை எனக்குத்தான் முதலில் ஊற்றுவாள். போதும் கண்ணு, போதும் கண்ணு என்பேன். ஒரு நாளாவது சொல்லிவிடலாம் என்று நினைத்து, அந்தச் சாப்பாட்டையும் முழுங்கி, வார்த்தையையும் முழுங்கிவிடுவேன்.

போன ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் ஊற்றியது. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், சமையல்கட்டுத் தரை இல்லை. கிரைண்டர் உள்ளே போயிருந்தது. நல்லவேளை, வீட்டில் ஆள் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தெருவே அங்கே நின்றது. "சொரங்கமாமுங்க! மலக்கோயில்ல இருந்து வருதாமா!" என்று ஒருத்தர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா அதற்குள் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். பக்கத்து லைன் வீட்டு வடநாட்டு ஆட்கள் எட்டிப் பார்த்து "குஃபா, குஃபா" என்றார்கள், குகையாம். புதையல் இருந்தால் யாருக்குச் சேரும் என்றுகூட ஒரு வாக்குவாதம். எனக்கு அவர்கள் வாயிலெல்லாம் மண்ணை அள்ளிப் போடலாம் போலிருந்தது.

யாரோ என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏனுங்க, இடத்த வித்தது நீங்கதான? தெரியாதுங்களா?" என்று ஆரம்பித்தார்கள். அந்தத் தம்பி குறுக்கே வந்தார்.

"அக்கா அன்னைக்கே சொன்னாவ. நாந்தான் கேலி பண்ணிச் சிரிச்சேன். அவியள ஒண்ணும் சொல்லப்படாது."

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் அந்தத் தம்பி என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"இல்லீங்க தம்பி" என்றேன். "அது சொரங்கம் இல்லீங்க. பொந்து. கெணத்துத் தண்ணிக்கு எங்கய்யன் வெட்டுனது. மொதல்ல வந்தவீங்ககிட்ட நெசத்தச் சொன்னேன், ஓடிட்டாங்க. நீங்க சிரிக்கோணும்னுதான் உங்ககிட்ட அப்படிச் சொன்னனுங்க."

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சம்சாரம் வந்தாள். கத்துவாள், ரெண்டு அறை அறைவாள் என்றுதான் நின்றேன்.

"அது எந்தப் பக்கமாப் போவுதுக்கா? பிள்ளையள எந்த இடத்துல படுக்கப் போடலாம்? அத மட்டும் சொல்லுங்க."

உள்ளே போனேன். சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கு வந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"இங்கயாக்கா?"

"வேண்டாம் கண்ணு."

ரூமுக்குள் போனோம். மூலையைக் காட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினேன். எதிர்ச்சுவர் ஓரத்தைக் காட்டினாள். வளைவு அங்கேதான் வருகிறது.

திரும்பி வாசலுக்கு வந்து, படி இறங்கி, சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்குப் போனேன். கூட்டம் விலகிக்கொண்டது. தார் ரோட்டு நடுவில் நின்றுகொண்டு, "இங்க கண்ணு" என்றேன்.

அவள் என்னையும் ரோட்டையும் பார்த்தாள். பிறகு சின்னவளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வர உள்ளே போனாள்.