ஒற்றக்கா தொலைத்த சாவி

நாற்பத்து நான்காவது வயதில் ஒற்றக்கா முதன்முறையாக வீட்டுச் சாவியைத் தொலைத்தாள். வேண்டுமென்றே தொலைத்தாள். பால்கனியில் இருந்த பூந்தொட்டிக்கு அடியில் செருகிவிட்டு வந்து, "சாவியக் காணோமே" என்று சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. தங்கை சொன்னால் அதில் ஒரு களைப்பு இருக்கும். இவள் சொன்னது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. இரண்டாம் முறை சொல்வதற்குள் தங்கையே ஓடி வந்தாள்.

"நான்தான்க்கா எங்கயாவது வெச்சிருப்பேன். இரு, தேடுறேன்."

சோபாவைப் புரட்டிப்போட்டுத் தேடினாள். ஒத்திகை கெட்டது.

இந்த ஒத்திகை எதற்கு என்று சொல்ல ஒரு வருடம் பின்னால் போகவேண்டும். ஒற்றக்கா ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பெயர் அப்படி வந்தது. தங்கை அதே அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறாள். பெற்றோர் போனபின் இருவரும் ஒரே வீட்டில். தங்கை வைத்த பால் பொங்கும், வாங்கிய குடை பேருந்தோடு போகும், தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். "அக்காவப் பாத்துக் கத்துக்கோ" என்று வீட்டில் சொல்லாத நாளில்லை. அதைக் கேட்டே நிமிர்ந்த முதுகு ஒற்றக்காவுடையது.

போன வருடம் ஒரு டாக்டர், தங்கைக்கு இருப்பது கவனக் குறைபாடு என்றார். காலையில் ஒரு மாத்திரை. டாக்டரிடம் அழைத்துப் போனதும், அழுதவளின் தோளைத் தட்டிக்கொடுத்ததும் ஒற்றக்காதான். மாத்திரை வேலை செய்யும் என்பதை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

செய்தது. தங்கையின் பக்கங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்தன. "தங்கச்சிக்கு வீட்ல என்னம்மா குடுக்குறீங்க? எனக்கும் கொஞ்சம் கொண்டாங்க" என்றார் முதலாளி, எல்லார் முன்னாலும். பிரிவுத் தலைவர் ஓய்வுபெறவிருந்தார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று ஒற்றக்கா இருந்தாள். இப்போது தங்கையின் பெயரும் அடிபட்டது. ஒற்றக்கா எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். மாத்திரை போட்டு ஓடுகிறவளுக்குக் கைதட்டல். இத்தனை வருடம் சும்மாவே ஓடியவளுக்கு என்ன?

ஒருநாள் தங்கை குளிக்கப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றை விழுங்கினாள்.

அன்று உலகமே அடிக்கோடிட்டு வந்ததுபோல் இருந்தது. நெஞ்சு படபடத்தது, வாய் உலர்ந்தது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே தோன்றவில்லை. ஒரு நூலின் கடைசியில் வரும் சொல்லடைவில் பக்க எண்களுக்கு நடுவிலிருந்த காற்புள்ளிகளைச் சாயங்காலம் வரை சரிபார்த்தாள். தன்னைப்போல யாருமில்லை என்று தோன்றியது. அதே நூலின் மூன்றாம் அத்தியாயத் தலைப்பில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் தங்கை.

"பரவாயில்லக்கா, எல்லாருக்கும் நடக்குறதுதான" என்றாள் தங்கை, அன்பாக. அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. ஒற்றக்கா மறுபடி எடுத்தாள். அப்புறம் அடிக்கடி.

மாதம் முடியுமுன் டப்பா காலியானது. தங்கை விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக் குழம்பினாள். "சில நாள் ரெண்டு தடவ போட்டுட்டேன் போலக்கா."

"உன்னப் பத்தித் தெரியாதா. பாத்துப் போடுடி."

தேதிக்கு முன்னால் டாக்டர் தரமாட்டார். மாத்திரை இல்லாமல் வேலைக்குப் போன தங்கை இரண்டு பக்கங்களை இடம் மாற்றி வைத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்று ஒற்றக்கா நன்றாகச் சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் முதல் தங்கை டப்பாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள், தன்மேல் தனக்கே நம்பிக்கையில்லை என்று. அதனால்தான் ஒற்றக்கா சாவியைத் தொலைக்கப் பழகினாள். தன் பெயரிலேயே மாத்திரை எழுதி வாங்க, ஊரின் மறுகோடியில் வேறொரு டாக்டரிடம் நேரம் கேட்டாள். அவர் கேட்கப்போகும் கேள்விகளெல்லாம் தங்கைக்குத் துணையாகப் போனபோது கேட்டவைதான்.

டாக்டரின் அறைக் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'கதவை தட்டிவிட்டு உள்ளே வரவும்.' ஒற்றக்கா தட்டினாள், நுழைந்தாள், மறதி, பதற்றம், பாதியில் நிற்கும் வேலை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

டாக்டர் கேட்டுக்கொண்டார். "கதவுல 'கதவை'க்குப் பக்கத்துல ஒரு 'த்' எழுதினது நீங்களா? கண்ணாடி வழியா பேனா தெரிஞ்சுது."

ஒற்றக்கா கையைப் பார்த்தாள். பேனா இன்னும் அதில்தான் இருந்தது.

"அத வெச்சு நான் முடிவு பண்ணமாட்டேன்" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. "இந்தக் குறைபாடு இருந்தா சின்ன வயசுலயே தெரியும். அப்ப கூட இருந்தவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அப்படி உயிரோடு இருப்பது ஒருத்திதான்.

"எனக்கும் உன்ன மாதிரிதான்னு தோணுதுடி" என்றதும் தங்கை கட்டிக்கொண்டாள். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்க்கா."

டாக்டர் முன் உட்கார்ந்து தங்கை உண்மையாகவே முயன்றாள். அக்கா தொலைத்தது ஏதாவது ஒன்று நினைவுக்கு வரவேண்டுமே. "பென்சில்... இல்ல, அது நான். மழக்கோட்டு... அதுவும் நான்தான். டாக்டர், இவ பென்சில் கட்டவிரல் அளவு ஆனப்புறமும் பெட்டியில இருக்கும். அதப் பாத்து எனக்கு எவ்ளோ பொறாமன்னு தெரியுமா?" சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"சாவி எங்கக்கா?"

"தொட்டிக்கு அடியில."

"அப்ப மாத்திர?"

ஒற்றக்கா மேசைமேல் கோணலாகக் கிடந்த பேனாவை நேராக வைத்தாள்.

"நான் என்னையேதான் திட்டிட்டு இருந்தேன்" என்றாள் தங்கை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் மருந்து எழுதவில்லை. ஒன்றாம் தேதி முதல் தங்கை பிரிவுத் தலைவர். ஒற்றக்கா திருத்தும் பக்கங்கள் இனி அவள் மேசைக்குப் போய்த்தான் அச்சுக்கு இறங்கும்.