ப்ராசஸருக்கு வைத்த பொட்டு

போன வருஷம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூரில் எங்கள் வீட்டு ஹாலில், விரித்த செய்தித்தாள் மேல் என் மகளின் லேப்டாப் அக்கு அக்காகக் கழன்று கிடந்தது.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். லோடு வண்டி ஓட்டுகிறேன். சும்மாவே பயந்த ஆள். வண்டியில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் சிதம்பரத்தில், மகள் படிக்கும் கல்லூரியில், அந்த லேப்டாப்பில்தான் அவள் ப்ராஜெக்ட்டை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒத்திகையிலேயே அது பாதியில் நின்றுபோய், சார் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். வேறு லேப்டாப் கிடையாது.

சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, எதிலிருந்தோ கழற்றிய ஒரு ப்ராசஸரை, லேப்டாப்புக்கு மூளை மாதிரியானதை, கொண்டுவந்திருந்தான். "இத மாத்திட்டா பறக்கும் மாமா" என்றான்.

"நாளைக்கு வேணும்டா. இன்னைக்குப் போயி கை வெக்கணுமா?"

"நீங்க வண்டிக்கு இன்ஜின் எறக்குனப்ப நான் எதுனா கேட்டனா? கம்முனு ஒக்காருங்க."

ப்ராசஸர் என்றால் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். பாதி பிஸ்கட் அளவுகூட இல்லை. திருப்பினால் அடியில் நூற்றுக்கணக்கில் ஊசிகள், முடி மாதிரி, தங்க நிறத்தில். ஒன்று வளைந்தாலும் போச்சு என்றான்.

பழையதைக் கழற்றி, புதியதோடு சேர்த்து ஒரு தட்டில் வைத்தான். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன். பேச வாசலுக்குப் போனான். தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்க பயந்து நானும் பின்னாலேயே போனேன்.

திரும்பி வந்தால், அந்த ஊசிகள் மேலேயே மஞ்சளைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் இட்டிருந்தாள் என் மனைவி. எங்கள் வீட்டில் வண்டிக்குப் புது டயர் மாட்டினாலும் பொட்டு வைக்காமல் எடுக்க மாட்டோம்.

"அக்கா! என்னாக்கா பண்ணி வெச்ச?"

"மொத மொத பூட்றீங்க, ஒரு பொட்டு வேணாவா? மின்னுற பக்கந்தான் மொகம்னு நெனச்சேன்."

மச்சான் தலையில் கை வைத்தான். "போவட்டும், பழசையே மாட்டிடலாம்."

"அதுக்கும் வெச்சிட்டேன்டா. இத்தினி வருஷம் ஒழைச்சுதில்ல."

இப்போது சொன்னால் சிரிப்பு வரும். அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஊசிகளுக்கு நடுவே மஞ்சள் காய ஆரம்பித்திருந்தது. மகள் வெறுங்கையோடு சார் முன்னால் நிற்பது என் கண்ணுக்குள் வந்தது. பயம் ஜாஸ்தியானால் எனக்குக் கோபமாக மாறிவிடும். "உன்ன யாருடி..." என்று ஆரம்பித்தேன்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மகள் வந்தாள். பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. தன் மாமாவிடம் துடைக்கிற ஸ்பிரிட் பாட்டிலை வாங்கிக்கொண்டு, புது டூத் பிரஷ் ஒன்றை எடுத்தாள். பிறகு, சுவரோரம் ஒடுங்கி நின்ற அம்மாவிடம் தன் போனை நீட்டினாள்.

"வெளிச்சம் பத்தலம்மா. டார்ச்ச நீ புடி."

"நான் வேணாம் பாப்பா. மறுபடி எதுனா ஆயிடும்."

"ஆவாது. புடிம்மா."

இரண்டையும் சுத்தம் செய்ய மதியம் வரை ஆனது. ஒரு ஊசி சாய்ந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னதே என் மனைவிதான். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தையல் ஊசியால் அதை நிமிர்த்தினாள். நான் பக்கத்தில்கூடப் போகவில்லை. திருவந்திபுரத்துக்கு வந்து மொட்டை போடுகிறேன் பெருமாளே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மச்சான் புதியதை மாட்டினான். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. கழற்றி மறுபடி மாட்டினான். அப்போதும் கறுப்பு. என் மனைவி அழுதாள், ஆனால் கையிலிருந்த டார்ச் ஆடவில்லை. கடைசியாகப் பழையதை மாட்டி, ஸ்க்ரூவைத் திருகி, பட்டனை அழுத்தினான். ரொம்ப நேரம் கழித்து, திரை மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கியது; லேப்டாப்புக்கு உயிர் வந்துவிட்டது.

புதியது அந்த மாடலுக்கே சேராத ரகம் என்று மச்சான் பிறகு விசாரித்துச் சொன்னான். பொட்டு வைக்காமல் மாட்டியிருந்தாலும் ஓடியிருக்காதாம்.

மறுநாள் அதே ஆமை வேக லேப்டாப்போடு மகள் சிதம்பரம் பஸ் ஏறினாள். அங்கேயும் நடுவில் ஒரு தரம் நின்றதாம். கொஞ்சம் டைம் கேட்டு வாங்கி, மறுபடி ஓட்டிக் காட்டிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு அவளுக்கும் என் அளவு பயம் இருந்தது. நான் யாரைத் திட்டலாம் என்று தேடியபோது, அவள் தவறு செய்த கையிலேயே விளக்கைக் கொடுத்தாள் என்பதை, இப்போதும் வாய்வரை கோபம் வரும்போதெல்லாம் நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.