சந்தனம் காய்வதற்குள்

எனக்கு முதலில் விழத்தான் கற்றுக்கொடுத்தார்கள். திருத்தணி மலைப் படிக்கட்டில் கூட்டம் நெருக்கியடிக்கும் இடமாகப் பார்த்து மயங்கி விழ வேண்டும். விழுந்தால் நாலு பெண்கள் ஓடி வருவார்கள். ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளிப்பாள், இன்னொருத்தி முந்தானையால் விசிறுவாள். குனிந்தவர்களின் கழுத்துச் சங்கிலியை எங்கள் ஆள் பிளேடால் அறுத்துக்கொண்டு போய்விடுவான். நான் கண்ணைத் திறந்து, "இப்போ பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து நடப்பேன். என் வேலை அவ்வளவுதான். யார் கழுத்திலும் நான் கை வைத்ததில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பைத்தியக்காரி.

அப்போது உலக யுத்தம் நடந்த சண்டைக்காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே அலைந்தது. நைனா பள்ளிப்பட்டுப் பக்கம் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர். மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினால் நாலு காசு பார்க்கலாம் என்று போனார், திரும்பவில்லை. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். சித்தப்பா வீட்டில் சோற்றுத் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே நான் கிளம்ப வேண்டியதுதான் என்று புரிந்துவிட்டது. திருத்தணிக்கு வந்து சரவணப் பொய்கைக் கரையில் பூ விற்றேன். அங்கேதான் அக்கா என்னைப் பார்த்தாள்.

எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறைய வெற்றிலை. ஒருநாள் விற்காமல் வாடிப்போன என் பூவை எல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டு, என்னையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுடச்சுடச் சோறு போட்டாள். "துன்னு, வெக்கப்படாத" என்றாள். நான் கேட்காமலேயே இரண்டாம் முறை போட்டாள். அப்படிப் போடுகிற யார் பின்னாலும் நான் அன்றைக்குப் போயிருப்பேன், அது அவளுக்கும் தெரியும். அங்கே என்ன தொழில் நடக்கிறது என்று எனக்கு விளங்கியபோது அந்தச் சோற்றைத் தின்று என் உடம்பு தேறியிருந்தது.

சங்கிலி அறுக்கிறவன் அக்காவின் புருஷன். நாங்கள் அவனைப் பாவா என்போம். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பாதி பிளேடைக் கன்னத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பேசும்போது நாக்கால் அதை ஓரமாக ஒதுக்கிக்கொள்வான். அவன் கன்னம் அசைவதைப் பார்த்தாலே நான் தள்ளிப்போய் நின்றுகொள்வேன். பொய்கைக் கரையில் ஒரு பெண் பிச்சைக்கு உட்கார்ந்திருப்பாள். காதிலிருந்து வாய் வரைக்கும் ஒரு தழும்பு. "இவளும் நம்ம கூட இருந்தவதான், சொல்லாம ஓடிப்போனா" என்று அக்கா ஒருநாள் சொன்னாள்.

ஒரு கிருத்திகையன்று நான் விழுந்து கிடந்தபோது என் கொண்டை அவிழ்ந்து முடி படியெல்லாம் பரவிவிட்டது. எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. ஒரு கிழவி, "சாமி வந்துருக்குதுடீ இந்தப் பொண்ணுக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அக்காவுக்கு வேறு என்ன வேண்டும்? கண்ணை மூடினவர்களிடம் வேலை இன்னும் சுலபம். அன்று முதல் நான் விழவில்லை, ஆடினேன். முடியை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றி, பம்பைச் சத்தத்துக்கு ஆடினேன். முருகன் இருக்கிற மலையிலேயே முருகன் வந்ததாக நடிப்பதற்கு எனக்குக் கைகால் உதறும். அந்த உதறலைப் பார்த்து ஜனங்கள் இன்னும் நம்பினார்கள்.

பாவா கூடப் பயந்த விஷயம் ஒன்று உண்டு. மொட்டை போட்டுச் சந்தனம் பூசினவர்களை எங்கள் கும்பலில் யாரும் தொடமாட்டார்கள். "சந்தனம் ஈரமா இருக்கிற வரைக்கும் அவங்க சாமி ஆளு" என்பாள் அக்கா. முன்னொரு காலத்தில் கூட்டாளி ஒருவன் மொட்டை போட்ட குழந்தையின் கொலுசைக் கழற்றி, மறுநாளே பாம்பு தீண்டிச் செத்தானாம்.

"காஞ்சிட்டா?" என்று நான் கேட்டேன்.

"காஞ்சிட்டா எல்லாரும் மனுசங்கதான்" என்றான் பாவா.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் அவன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "குண்டக்கல்ல ஒர்த்தரு காசு குடுத்து பொண்ணு கேட்டுகினு கீறாரு. கிருத்திகை முடிஞ்சதும் இவள அங்க உட்டுட்டு வந்துடலாம்." அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு முன்னால் அப்படி அனுப்பின பெண்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடினாலும் எங்கே ஓடுவது? இவ்வளவு முடி உள்ள பெண் இந்தப் பக்கம் போனாளா என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். இந்த முடியே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் வழியும் தெரிந்தது.

ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் மலையே மஞ்சளாக இருந்தது. தேங்காய் வாங்கி வா என்று அக்கா காசு கொடுத்து அனுப்பினாள். நான் நேராக மொட்டை போடுகிற கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். நாவிதர் என் முடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"கல்யாணம் ஆவாத பொண்ணாட்டம் கீற. பூமுடின்னு நுனியில கொஞ்சம் குடுத்தா போதாதாம்மா?"

"மொட்டைங்க. வேண்டுதல்."

கத்தி தலையில் பட்டதும் உடம்பெல்லாம் நடுங்கியது. "ஆடாதம்மா, வெட்டிக்கும்" என்று அவர் இரண்டு முறை அதட்டினார். முடி என் மடியில் விழுந்தது. அழுகை வரவில்லை, அக்கா தேடி வந்துவிடுவாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்க் காசைக் கூலியாகக் கொடுத்தேன். கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி தலை நிறையச் சந்தனம் அப்பிவிட்டாள்.

ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அந்த அம்மாளுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் மொட்டை, வீட்டுக்காரர் மூட்டையைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். அடிவாரத்தில் அக்கா நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிடப் பார்த்தேன். அவள் குறுக்கே வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா?" என்றாள், முன்பின் தெரியாதவளிடம் கேட்பது போல.

"பள்ளிப்பட்டுங்க."

அவள் கை தன் கன்னத்துக்குப் போய், சாமியைக் கும்பிடுவது போல் மெல்லத் தட்டிக்கொண்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்தனம் காயறதுக்குள்ள ரயில் ஏறிடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவளை இன்றுவரை என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை, முழுசாக மன்னிக்கவும் முடியவில்லை.

அந்தக் குடும்பத்தார் மெட்ராஸில் பெரம்பூருக்குப் போகிறவர்கள். நைனாவைத் தேடி மெட்ராஸ் போகிறேன், கூட யாரும் இல்லை என்றேன். அந்த அம்மாள் வேறொன்றும் கேட்காமல், "எங்க கூடவே வா" என்று எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லி, பெட்டியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தபோதுதான் பாவா ஏறினான். பெட்டியில் பாதிப் பேர் மொட்டை. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என் கையில் கண்ணை நிறுத்தினான். மணிக்கட்டில் சின்ன வயதில் பச்சை குத்தின தேள். தலையை மழித்த எனக்கு அதை மறைக்கத் தோன்றவில்லை. எதிர்ப் பலகையில் வந்து உட்கார்ந்தான். என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அரக்கோணத்துக்கு முன்னால், பட்டாள ரயிலுக்கு வழி விடுவதற்காக எங்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஆடி மாத வெயில். தலையில் சந்தனம் இறுகுவது தெரிந்தது. குழந்தைகளின் சொம்பிலிருந்து தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தலையை நனைத்தேன். சொம்பும் காலியானது. கொஞ்ச நேரத்தில் காய்ந்த பொருக்கு ஒன்று உதிர்ந்து என் மடியில் விழுந்தது. பாவா அதைப் பார்த்தான். அவன் கன்னத்துக்குள் நாக்கு அசைந்தது. நான் பயத்தில் பாவாடையிலேயே கொஞ்சம் நனைத்துவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"இன்னாம்மா, எரியுதா?" என்றாள் அந்த அம்மாள்.

"ஆங்" என்றேன்.

"காஞ்சுபோச்சு, அதான். இரு, வூட்லேந்து அரைச்சு எடுத்துகினு வந்தது மீதி கீது." மூட்டையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். எழுந்து நின்று என் மேல் குனிந்து, ஈரச் சந்தனத்தை வழித்து வழித்துத் தலையில் பூசினாள். சில்லென்று இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அவள் தலையில் சந்தனம் எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. இருந்ததையெல்லாம் எனக்குப் பூசிக்கொண்டிருந்தாள். குனிந்த கழுத்திலிருந்து தாலிச் சங்கிலி என் கண்ணுக்கு நேரே ஆடியது. பாவா பலகையின் நுனிக்கு நகர்ந்திருந்தான், அவன் கை வாய்க்குப் போனது.

நான் கையை நீட்டி அந்தச் சங்கிலியை, தாலியோடு சேர்த்து, இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் திடுக்கிட்டுப் போனாள்.

"இன்னாடீ?"

"தொங்குதுங்க. உள்ள போட்டுக்கோங்க."

அவள் சிரித்துக்கொண்டே சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, மீதிச் சந்தனத்தையும் என் தலையில் தடவினாள். வண்டி கிளம்பியது. பாவா என் ஈரத் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு அரக்கோணத்தில் இறங்கிப் போனான். பெரம்பூர் வந்து சேரும்வரை நான் அந்த அம்மாளின் முந்தானையை விடவே இல்லை.