ஆர்லிஸ் வீட்டுப் பேண்ட்ரி

எங்கள் மினசோட்டா ஊரில் இப்போது யார் சமையலறையை இடித்துக் கட்டினாலும் முதலில் கேட்பது பேண்ட்ரிதான். சாமான் வைக்கத் தனி இடம், அதில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்கு ஜாடி பெயர்ச்சீட்டு. நான் தச்சன், காசு வருகிறது, வாயை மூடிக்கொண்டு செய்து கொடுக்கிறேன். பாதிப் பேர் அந்த ஜாடிகளைத் திறப்பதே இல்லை.

பக்கத்து வீட்டு ஆர்லிஸ் கேட்டபோது மட்டும் சிரித்துவிட்டேன். எண்பதைத் தாண்டிய பாட்டி, தனியாக இருப்பவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் குள்ளம், குரல் பெரிது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள், நானும்தான். அந்த இலையுதிர்காலத்தில் மேல் அலமாரியிலிருந்த கரும்புப் பாகு டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறி, விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குக்கூட வராத மகள் ஜோலீன் மினியாபொலிஸிலிருந்து ஓடிவந்து, முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். வசந்தத்தில் வீட்டை விற்பதாகப் பேச்சு.

"விக்கப்போற வீட்டுக்கு எதுக்கு பேண்ட்ரி?" என்றேன்.

"யாருடா விக்கப்போறது? மேல இருக்கிற அலமாரி எல்லாத்தையும் பிடுங்கிப் போடு. முழங்காலுக்குக் கீழயும் வேணாம், தோளுக்கு மேலயும் வேணாம். இழுத்தா முழுசா வெளிய வரணும். ஏறி விழுந்தாதானே என்னைத் துரத்துவா?"

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. தோள் உயரத்தை அளக்கச் சுவரோரம் நிற்கவைத்தால் நுனிக்காலில் நின்றார்.

"குதிகாலைக் கீழ வைங்க."

"பார்த்துட்டியா? உனக்குக் கண்ணு போயிருக்கும்னு நெனச்சேன்."

அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பனி உருகியதும் ஜோலீன் வந்தாள். ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தாள். மாவு, பீன்ஸ், காளான் சூப், கரும்புப் பாகு, எல்லாம் அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில். குறை தேடியவள் கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள். கூரையை ஒட்டி ஒரே ஒரு தட்டு. அதில் கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கைப் பிசைந்து லெஃப்ஸே ரொட்டி சுடும் பெரிய வட்டக்கல்.

"இது என்னம்மா? மறுபடி ஏறி விழவா? டுவேன், உனக்காவது அறிவு வேணாம்?"

அந்தத் தட்டு வேண்டாம் என்று சண்டை போட்டுத் தோற்றவன் நான்.

"நான் ஏன் ஏறணும்? ஸ்டூலைத்தான் இவன் தூக்கிட்டுப் போயிட்டானே," என்றார் ஆர்லிஸ். "உங்கப்பா உயரம் உனக்குத்தான் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு லெஃப்ஸே வேணும்னா நீ வந்து எடுத்துக் குடு. வரலன்னா அது அங்கயே கெடக்கட்டும்."

ஜோலீன் கையை நீட்டிக் கல்லை இறக்கினாள். "உருளைக்கிழங்கு எங்கம்மா இருக்கு?"

"இழுத்துப் பாரு."

அன்று மூவரும் வயிறு முட்டத் தின்றோம். நான் கிளம்பும்போது ஜோலீன் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு, இடம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேசியபடியே கல்லைத் துடைத்து, அம்மாவுக்கு எட்டாத அந்தத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.