ஆறுக்குக் கீழே ஒரு கோடு

புதன்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது போனில் ‘ரஃபீக் பாய்’ என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை சண்டையை இப்போது தொடரப் போகிறாராக்கும் என்று எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பேசியது அவர் மகள். “டீச்சர், அப்பா மௌத் ஆய்ட்டாரு. கம்பெனியில நின்னுட்டிருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு.” இது என்ன அநியாயம்! அவர் இறந்துவிட்டார் என்பதை ஏற்க எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

பாலாற்றங்கரைக் காப்பகத்தில் ஞாயிறுதோறும் பறவைகளுக்குக் கால்வளையம் போட வரும் உங்களுக்கு அவரைத் தெரியும். ஆம்பூர் தோல் கம்பெனியில் தரம் பார்ப்பவர். நோட்டில் ஆறு எழுதினால் கீழே ஒரு கோடு இழுப்பார். “இன்னா பாய், பரீட்சையா எழுதுறீங்க?” என்று கிண்டல் செய்வேன். “தோலுக்கு ஏது டீச்சர் தலைமாடு, கால்மாடு? திருப்பிப் போட்டா ஆறு ஒன்பதாய்டும். ஒரு லோடே மாறிப்போயிருக்கு,” என்பார்.

அந்த ஞாயிறு வலையில் ஓர் உள்ளான் குருவி விழுந்தது. காலில் போன வருஷம் நாங்கள் போட்ட மஞ்சள் வளையம். கையில் பிடித்து நான்தான் படித்தேன்: 89. நோட்டில் 89 ஒரு வாலாட்டிக் குருவிக்குப் போட்டதாக அவர் கையெழுத்தில் இருந்தது. உங்கள் எல்லோர் முன்னாலும் கத்தினேன். “வாலாட்டி எப்படி பாய் உள்ளான் ஆகும்? நீங்க தப்பா எழுதிட்டீங்க. நான் கணக்கு டீச்சர், எனக்கா எண் தெரியாது?”

அவர் முகம் சுண்டிவிட்டது. “கோவப்படாதீங்க டீச்சர். அது கால் ஊனி நிக்கட்டும், அப்புறம் படிங்க,” என்று மட்டும் சொன்னார். நான் பறவையைப் பறக்கவிட்டேன். அவர் டீ கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய் மாலை பைனாகுலரோடு ஆற்றுக்குப் போனேன். அதே உள்ளான் சேற்றில் நின்றது. மஞ்சள் வளையத்தில் தெளிவாக 68. நோட்டிலும் 68 உள்ளான்தான், ஆறுக்குக் கீழே கோட்டோடு. பறவையை நான்தான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். உடனே போன் செய்திருக்கலாம். கௌரவம் விடவில்லை. ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கோடுதான். இப்போது பள்ளி ரிஜிஸ்டரில்கூட ஆறு வந்தால் கை தானாக இழுக்கிறது.

இன்று ஞாயிறு. எல்லோரும் வந்திருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்: அன்று தப்பாகப் படித்தவள் நான். பாய் எழுதியது சரி.