மூன்று கஷ்கொட்டைகளும் ஒரு நட்சத்திரமும்

போன வாரம் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் ஒருவர் இரும்புத் தட்டில் கொட்டை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். பலாக்கொட்டையைத் தணலில் புதைத்து எடுத்தால் எழுமே, ஏறத்தாழ அந்த வாசனை. இங்கே செஸ்நட் என்பார்கள். அகராதி கஷ்கொட்டை என்கிறது. நான் வாங்கவில்லை. கையுறையைக் கழற்றச் சோம்பல் என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய். அந்த வாசனை வந்தால் யோகநாதனும் கூடவே வந்துவிடுவான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், இந்த மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சித் தோட்டத்தில் எனக்கு வேலை. மொன்றியல் குளிரைத் தாங்கும் கஷ்கொட்டை மரத்தை உருவாக்க ஓர் அம்மையார் அங்கே பல ஆண்டுகளாக முயன்றுகொண்டிருந்தார். நாங்கள் அவரை மடாம் என்றே அழைத்தோம். கோடையில் பெண்பூக்களைக் காகிதப் பையால் மூடி, வேறொரு மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, அட்டை கட்டிவிடுவோம். ஐப்பசியில் முள்ளுறை வெடிக்கும். கொட்டைகளைத் தண்ணீரில் இட்டால் மிதப்பது சொத்தை, தாழ்வது நல்லது. நல்லவற்றை ஈரமான பாசித்தூளில் பொதிந்து, குளிர்ப்பெட்டியில் பனிக்காலம் முடியும்வரை உறங்கவைப்போம். உலர விட்டால் உள்ளே இருக்கும் முளை செத்துப்போகும். இதை மடாம் சொல்லாத நாளில்லை.

எனக்கோ அந்த மரத்தின் மீதே ஐயம். கொன்றை, வன்னி, வில்வம், குருந்து என்று தலந்தோறும் ஒரு மரம் பாடல் பெற்று நிற்கிறது. எந்தப் பதிகத்திலும் இடம்பெறாமல், காயெல்லாம் முள்ளாகக் காய்க்கும் ஒன்றை எப்படி நம்புவது? மரத்தை மட்டுமா? வேலியோர அணில்கள், மடாமின் புன்னகை, குளிர்ப்பெட்டியின் பூட்டு என்று இறைவன் ஒருவனைத் தவிர எதையும் நம்பாமல் வாழ்ந்த காலம் அது. அதை விவேகம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோகநாதன் என்னோடு வேலை செய்த திருகோணமலைக்காரன்; என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். லாசாலிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி ரொக்ஸ்பரோ நிலையத்தில் வந்து இறங்குவான். அங்கிருந்து என் காரில் போவோம். வழி நெடுக என் பதிகக் கசெட் பாடும். இடையிடையே நான் என் சாதகத்தைப் பாடுவேன்.

“கேட்டை நட்சத்திரம் தம்பி எனக்கு. ஆரை நம்பினாலும் அடிதான்.”

“அண்ணை, உங்களுக்கு அணிலைப் பாத்தாலும் சந்தேகம், ஆளைப் பாத்தாலும் சந்தேகம். கண்ணாடியிலை உங்களைப் பாத்தால் என்ன செய்வியள்?”

அவன் நெற்றியில் நான் திருநீறு கண்டதில்லை. மிதந்த சொத்தைகளைப் பொறுக்கி, மைக்ரோவேவில் சுட்டுத் தின்பான். சொத்தையையே விடாதவன் நல்லதை விடுவானா என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும்.

அந்த ஐப்பசியில், ஏழு வருடம் மலடாய் நின்ற ஒரு மரம் முதன்முதலாகக் காய்த்தது. ஒரே ஒரு முள்ளுறை. உள்ளே மூன்று கொட்டைகள். மடாமின் கண்கள் கலங்கிவிட்டன. வீடு திரும்புகையில் யோகநாதனிடம் சொன்னேன்.

“எங்கட பக்கம் முதல் காய்ப்பைப் பிள்ளையாருக்குத்தான் வைப்பம். வையாட்டில் மரம் பேந்து காய்க்காது.”

“பிள்ளையாருக்கு இதைக் கடிக்கப் பல்லிருக்கோ, அண்ணை?”

“கொம்பு இருக்கடா. பகிடியை விடு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் காய்ச்சலில் கிடந்தேன். திங்களன்று போனபோது குளிர்ப்பெட்டியில் அட்டை இருந்தது, பாசித்தூள் இருந்தது, கொட்டைகள் இல்லை.

மடாம் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார். யோகநாதன் என்னைப் பார்த்தான். அதைக் கள்ளப் பார்வை என்று முடிவு செய்தேன். மத்தியானம் தனியாகப் போய், பொன்ஜூர், மெர்சிக்கு அப்பால் நகராத என் பிரெஞ்சை ஒதுக்கிவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன்: யோகன் கொட்டை தின்கிறவன், என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அதன் கொடுமை.

மாலையில் காரில் ஏறியதும் அவன், “அண்ணை, உங்களிட்டை ஒரு விசயம் சொல்லவேணும்” என்றான். ஏதோ சாட்டுச் சொல்லப்போகிறான் என்று எண்ணிக் கசெட்டின் ஒலியைக் கூட்டினேன். உள்ளம் உருக அடியார் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். யோகநாதன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரத்தோடு அவனுக்கு வேலை நின்றது.

கார்த்திகையில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் எங்கள் கோயிலுக்குப் போனேன். ஐயர் என்னைக் கண்டதும், “காய்ச்சல் சுகமோ?” என்றார். திகைத்தேன்.

“போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, உங்களுக்குக் காய்ச்சலெண்டு உங்கட பேருக்கு ஒரு தம்பி வந்து அருச்சனை செய்விச்சவர். கேட்டை நட்சத்திரமெண்டும் சரியாச் சொன்னவர். மூண்டு கொட்டை கொண்டந்து பிள்ளையாருக்கு வைச்சவர். தட்டைத் திருப்பிக் குடுக்கேக்கை அது பூவுக்குள்ளை மறைஞ்சு தங்கிப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை பதறிக்கொண்டு வந்தவராம். நான் கலியாணமொண்டுக்குப் போட்டன், கோயில் பூட்டு. பேந்து ஆளைக் காணேல்லை.”

படைத்தது பிரசாதமாய்த் திரும்பி வரும், திங்களுக்கு முன் பெட்டியில் வைத்துவிடலாம் என்று நம்பியிருக்கிறான். கோயிலுக்குப் போகாதவனுக்கு இருந்த நம்பிக்கை அது.

ஐயர் விளக்கருகே இருந்த ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டினார். விளக்குச் சூட்டில் மூன்றும் சுருங்கியிருந்தன. காதருகே குலுக்கினேன், உள்ளே பருப்பு கடகடத்தது.

மடாமிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் காய்ப்புக் கதையை யார் சொன்னது என்ற கேள்வி வரும். யோகநாதனும் அதற்காகத்தான் வாய் திறக்கவில்லை என்பது அப்போது விளங்கியது. விளங்கியும் நான் சொல்லவில்லை. வேலை எனக்கு வேண்டியிருந்தது. லாசாலுக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை போனேன். அவன் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

அந்த மரம் மறு வருடம் காய்க்கவில்லை. அதற்கடுத்த பனிக்காலத்தில் பட்டுப்போனது. மடாம் ஓய்வு பெற்றார். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ஒரே நிறத்தில் வீடுகள், வாசலில் கார்கள். ரொக்ஸ்பரோவில் அவன் வந்து இறங்கிய பழைய ரயிலும் ஓடுவதில்லை.

ஒவ்வொரு ஐப்பசி வெள்ளியிலும் பிள்ளையார் முன்னே அருச்சனைத் தட்டை நீட்டுகிறேன். ஐயர் பெயர் கேட்பார். யோகநாதன் என்பேன். நட்சத்திரம் கேட்பார். அத்தனை வருடம் ஒரே காரில் போய்வந்தோம். என் நட்சத்திரம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுடையதை நான் ஒருநாளும் கேட்கவில்லை.